அவர் உனக்கு என்ன முறை?

வீரம்மாவுக்கு நல்ல வார்த்தை பேச வராது. கண்டிச் சந்தைக்குப் பின்னால் உள்ள குறுகலான ஒழுங்கையில் மரக்கறி விற்கிறாள். அவளிடம் ஒரு கிலோ போஞ்சி வாங்கி முடிப்பதற்குள் நம் பரம்பரையையே இழுத்துவிடுவாள். எதிரில் என் சாப்பாட்டுக் கடை. என் பெயர் அன்னலட்சுமி. எனக்கும் வாய் நீளம்தான். அம்பிட்டியவில் என் அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வீரம்மா முன்னால் நான் பச்சைப்பிள்ளை.

அவள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே கேலிக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அண்ணன், அப்பா, மாமனார் என்றால் வாயைத் திறக்கக் கூடாது. கொழுந்தன், மதினி, மச்சான் என்றால் என்ன வேண்டுமானாலும் பேசலாம். பேசாமல் இருந்தால்தான், “என்ன, கோவமா?” என்று கேட்பார்கள். இந்த வழக்கத்தை அவள் அப்படியே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டாள். பிடித்தவர்கள் எல்லோருக்கும் ஓர் உறவுமுறை வைப்பாள், பிறகு அந்த முறைப்படி திட்டுவாள். என்னை நாத்தனாராக்கி, “டவுன்காரிக்கு உப்புப் பாக்கத் தெரியுதா பாரு” என்று என் வாடிக்கையாளர்கள் காதுபடவே சொல்வாள். பிடிக்காதவர்களிடம் மட்டும் ஐயா, அம்மா என்று மரியாதையாகப் பேசுவாள்.

இன்னொன்றும் உண்டு. இப்படித் திட்டும்போது சிரிக்கக் கூடாது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, கண்ணைப் பார்த்துத் திட்ட வேண்டும். யார் முதலில் சிரிக்கிறாரோ அவர் தோற்றார். தெரியாதவர்கள் பார்த்தால் கொலை விழப்போகிறது என்றுதான் நினைப்பார்கள்.

இந்த விளையாட்டில் அவளுக்குச் சரிசமமான ஆள் பக்கத்துக் கருவாட்டுக் கடை முஹைதீன். திகனக்காரர், சீனி வியாதிக்காரர், அறுபதைத் தாண்டியவர். வீரம்மாவின் புருஷன் சின்னமுத்து இந்தச் சந்தையில் மூட்டை தூக்கிய காலத்தில் முஹைதீன் அவரை “நானா” என்று அழைப்பார். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் பெண்டாட்டி மதினி. மதினிக்கு இவர் கொழுந்தன். அவ்வளவுதான், முறை விழுந்துவிட்டது. சின்னமுத்து செத்துப்போனார். முறை மட்டும் அப்படியே நின்றது.

“டேய் சோனி, தராசுல கைய வைக்காத, நான் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்.”

“தோட்டக்காட்டு மதினிக்குத் தராசு வேற தெரியுமா? கொழுந்துக் கூடையத் தவிர என்னத்தக் கண்டிருக்க?”

காலையில் கடை திறந்தால் இதுதான் எங்களுக்கு சுப்ரபாதம். முஸ்லிம்களைச் சோனி என்பதும் தோட்டத்துத் தமிழரைத் தோட்டக்காட்டான் என்பதும் – இரண்டுமே கேட்டால் காது கூசும் சொற்கள், எனக்குத் தெரியாதா என்ன? இந்தச் சொற்களுக்காக மண்டை உடைந்த இடங்களும் இந்த நாட்டில் இருக்கின்றன. ஆனால் அவர்கள் வாயில் அவை வேறு ஏதோவாக இருந்தன.

2018 கலவரத்தில் திகனயில் முஸ்லிம் கடைகளுக்குத் தீ வைத்தபோது முஹைதீனின் கருவாட்டுக் களஞ்சியமும் வீட்டின் முன்பக்கமும் எரிந்துபோயின. ஊரடங்கு எடுத்த பிறகு அவர் சந்தைக்கு வந்தார். எல்லோரும் சாவு வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி அவரிடம் பேசினோம். சிங்கள வியாபாரிகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போது வீரம்மா தன் இடத்தில் இருந்தபடியே கத்தினாள்: “என்னடா சோனி, சுட்ட கருவாடு ஏதும் மிஞ்சிச்சா? இருந்தாக் குடு, கொழம்பு வைக்கலாம்.”

ஒழுங்கையே விறைத்துப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த அகப்பையை அவள் மண்டையில் எறிந்திருப்பேன். முஹைதீன் அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே மூட்டைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார், வாய்விட்டு. வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னார்: “எல்லாரும் என்ன மையத்தப் பாக்கிற மாதிரிப் பாத்தாங்க. அவ ஒருத்திதான் என்ன உசுரோட ஈக்கிற ஆளாப் பாத்தா.”

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் டவுன் ஆட்களில் ஒரு சீமாட்டி, கோயில் கமிட்டியில் பெரிய ஆள், வீரம்மாவிடம் கீரை வாங்கிவிட்டுப் பாராட்டினாள்: “லயத்து ஆளா இருந்தும் எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!” குரலில் தேன் வடிந்தது. வீரம்மா கீரையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். “வித்து முடிஞ்சிருச்சிங்க அம்மா. போய்ட்டு வாங்க” என்றாள். அந்தச் சீமாட்டிக்கு இன்றுவரை தான் என்ன செய்தோம் என்று விளங்கவில்லை. விளங்கப்போவதும் இல்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இந்த வருஷம் பெரஹரா திருவிழா முடிந்த வாரம். ஒழுங்கையில் சரியான கூட்டம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஜனகன் என்ற வடக்குப் பிள்ளை என் கடையில் சாப்பிட்டுவிட்டு வெளியே நின்றான். அடிக்கடி வருகிறவன்தான், அமைதியான சுபாவம். எதிரில் இவர்கள் இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். வீரம்மா வழக்கம்போல, “டேய் சோனி” என்று தொடங்கினாள். அவன் போனை எடுத்தது அதற்குப் பிறகு. அதில் பதிந்தது முஹைதீன் சொன்னது மட்டும்தான்: “தோட்டக்காட்டு மூதேவி, லயத்துல கெடக்காம இங்க வந்து என்னத்துக்கு என் உசுர வாங்குற?” எதிரில் வீரம்மா கல்லுப்போல நிற்கிறாள். உதடு கூட அசையவில்லை. அவள் சிரிப்பதற்கு முன்பே வீடியோ முடிந்துவிட்டது.

‘கண்டிச் சந்தையில் மலையகத் தாய்க்கு நடக்கும் அவமானம்’ என்று போட்டுவிட்டான். மறுநாள் விடிவதற்குள் அது நாடெல்லாம் சுற்றியது. யாரோ அதையே எடுத்துச் சிங்களத்தில் எழுதி, முஹைதீனின் ஊர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். கீழே வந்து விழுந்த வசவுகளை நான் சொல்லமாட்டேன். ‘திகனயில் கொளுத்தியது போதாது’ என்று ஒருவன் எழுதியிருந்தான்.

முஹைதீனுக்கும் யாரோ காட்டியிருக்கிறார்கள். காலையில் திறந்த கடையை உடனே மூடப் பார்த்தார். பூட்டுக்குள் சாவி போகவில்லை. “மகளுக்குப் போன் பண்ணிட்டேன், பஸ்லினாக்கு. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அக்குறணைக்குப் போகச் சொல்லிட்டேன்” என்றார். அவர் பயந்தது சிறைக்கு அல்ல. இன்னொரு கூட்டம், இன்னொரு நெருப்பு – அந்தப் பயம்தான் முகம் முழுக்க இருந்தது.

வீரம்மா அப்போதுதான் மூட்டையோடு வந்து இறங்கினாள். அவளிடம் நல்ல போன் கிடையாது, ஒன்றும் தெரியாது. நான் சொல்லி முடிப்பதற்குள் ஒழுங்கை முனையில் த்ரீவீலர்கள் வந்து நின்றன. ஹந்தானைப் பையன்கள். முன்னால் வந்தவன் யுகேஷ், வீரம்மாவின் சொந்தத் தங்கச்சி மகன், பிள்ளைகுட்டிக்காரன். நேரே முஹைதீனிடம் போய்ச் சட்டையைப் பிடித்தான்.

“என் பெரியம்மாவையா சொன்ன? சொல்லுடா, சோனிப் பயலே, இப்பச் சொல்லு பாப்போம்!”

அவன் சொன்னதும் அதே சொல்தான். ஆனால் அதில் விளையாட்டு இல்லை. முஹைதீன் அவன் கையைத் தட்டிவிடக்கூட முயலவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோருடைய கையிலும் போன். அதற்குள் வீரம்மா கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய் யுகேஷின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“அவர் உனக்கு என்ன முறை?”

“பெரியம்மா, அவன் ஒங்கள...”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுடா. என்ன முறை? மாமனா? மச்சானா? இல்லல்ல? பின்ன எந்த உரிமையில அந்தப் பேச்சுப் பேசுற? நான் சொல்லுவேன். நூறு தடவ சொல்லுவேன். நீ சொன்னீன்னா நாக்க இழுத்து வச்சி அறுத்துருவேன்.”

யுகேஷ் கையை விட்டான். ஆனால் பின்னால் நின்றவர்கள் விடுவதாக இல்லை. “கெழவி பயத்துல பேசுது” என்றான் ஒருவன். “காசு குடுத்து வாய அடச்சிட்டான்” என்றான் இன்னொருவன். ஒரு கல் முஹைதீனின் தகரக் கதவில் வந்து விழுந்தது. யார் எறிந்தார்கள் என்று தெரியவில்லை. இரண்டாவது கல் வருவதற்கு முன் பொலிஸ் ஜீப் வந்தது. முஹைதீனை ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதுகாப்புக்காகவா, கைதாகவா என்று யாருக்கும் தெரியவில்லை. இனவாதப் பேச்சு என்று வழக்குப் போட்டால் லேசில் பிணை கிடைக்காது என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

வீரம்மா மரக்கறியை அப்படியே போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள். நானும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அவளுடைய சிங்களம் விலை சொல்லவும் சண்டை பிடிக்கவும் காணும், வாக்குமூலத்துக்குக் காணாது. நிலையத்தில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அன்று லீவு. அதனால் என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

மேசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர். ஓரத்தில் முஹைதீன், தலையில் தொப்பி இல்லை, எங்கே விழுந்ததோ. அவருக்குப் பக்கத்தில் ஜனகன். வீடியோ போட்டவனையும் கூப்பிட்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. “ஏன்டாப்பா, என் கையால சாப்பிட்டுட்டு இந்த வேலையா பாத்த? ஒரு வார்த்த கேட்டியா எங்ககிட்ட?” என்று பிடித்துக்கொண்டேன்.

அவன் தலை குனிந்தபடி சொன்னான்: “எங்கட அம்மா தோட்டத்து ஆள், அக்கா. கலவரத்துக்குப் பயந்து கிளிநொச்சிக்குப் போன குடும்பம். பள்ளிக்கூடத்தில அந்தச் சொல்லாலதான் என்னைக் கூப்பிட்டவை. பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நேற்று அதைக் கேட்டவுடன எனக்கு ஒண்டும் தெரியேல்ல.”

வீரம்மா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். “அப்ப ஒனக்கு வலிச்சிருக்கு. அது நெசந்தான்” என்றாள்.

இன்ஸ்பெக்டர் வீடியோவை ஓடவிட்டார். “இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?” என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன். சிங்களத்தில் சொன்னபோது எனக்கே உடம்பு கூசியது. ஒழுங்கையில் தினமும் கேட்டுச் சிரிக்கும் சொல்தானே, அந்த மேசையில் வைத்ததும் அதில் மதினியும் இல்லை, கொழுந்தனும் இல்லை, சின்னமுத்துவும் இல்லை. வெறும் ஏச்சு மட்டும் மிஞ்சியது. அவர் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு முஹைதீனைக் கேட்டார்: “அதற்கு முன் இந்த அம்மா உங்களை ஏதாவது சொன்னாரா?”

முஹைதீனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. “இல்லை சேர். அவங்க ஒன்றும் சொல்லவில்லை. பிழை என்னுடையதுதான்” என்றார்.

வீரம்மாவுக்கு அவ்வளவும் விளங்கிவிட்டது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். “பொய்! நான்தான் மொதல்ல ஆரம்பிச்சேன். டேய் சோனின்னு நான்தான் கூப்பிட்டேன்.”

“மதினி, வாய மூடு” என்றார் முஹைதீன், பல்லைக் கடித்துக்கொண்டு. “நான் ஒருத்தன் போனாப் போதும். ஒன்னையும் ஏன் புடிச்சிப் போடணும்?”

“நீ மட்டும் போய் அங்க யாரத் திட்டப்போற?”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். “இந்த அம்மா என்ன சொல்கிறார்? சோனி என்றால் என்ன?” சொன்னால் இவளும் குற்றவாளி. சொல்லாவிட்டால் அவர் ஒருவர் தலையில் எல்லாம் விடியும். வீரம்மா என் தோளை இடித்தாள். “சொல்லு நாத்தனாரே. ஒரு எழுத்து விடாமச் சொல்லு.” சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் பேனையைக் கீழே வைத்தார். “அப்படியானால் இரண்டு பேர்மேலும் எழுத வேண்டி வரும்.”

வீரம்மா மேசைக்குக் கிட்டப் போனாள். தன் உடைந்த சிங்களத்தில் கேட்டாள்: “மாத்தயாவுக்கு மஸ்ஸினா இருக்காரா?”

மாத்தயா என்றால் ஐயா; கண்டிப் பக்கத்துச் சிங்களவருக்கு மஸ்ஸினா என்றால் மச்சான். அங்கேயும் அந்த முறைக்குக் கேலி உண்டு என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். “இருக்கிறார், மாத்தளையில்” என்றார் அவர், எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல்.

“கண்டா ஒங்கள என்ன சொல்லிக் கூப்பிடுவாரு?”

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வேறு பக்கம் திரும்பி இருமினார். “அதை இங்கே சொல்ல முடியாது” என்றார் இன்ஸ்பெக்டர் கடைசியில். ஆனால் அவர் சிரிக்கவில்லை. “மஸ்ஸினா என்றால் உறவு. இவர் முஸ்லிம், நீங்கள் தமிழ். உங்களை யார் உறவாக்கியது?”

அதற்குப் பிறகு வீரம்மா தமிழில் பேசினாள். அவள் சொல்லச் சொல்ல நான் சிங்களமாக்கினேன். “என் புருசன் பொறந்தது அஞ்சு பேரோட. எல்லாரும் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்ட்டாங்க. அவரு செத்தன்னிக்குக் குழியில தம்பி மொறைக்கு மண்ணுப் போட ஆளில்ல. தோட்டத்துல எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. இவன் செருப்பக் கழட்டிட்டு எறங்கி வந்து மண்ண அள்ளிப் போட்டான். துலுக்கன் போடலாமான்னு ஒரு பெருசு கேட்டிச்சு. நானா செத்தா தம்பி போடாம யாரு போடுவான்னு கேட்டான். சொல்லுங்க மாத்தயா, இதுக்கு மேல ஒறவாக என்ன பண்ணணும்?”

கடைசி வாக்கியத்தையும் சிங்களமாக்கி முடித்தேன். முஹைதீன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனகன் கண்ணைத் துடைத்தான். இன்ஸ்பெக்டர் எழுதியதைக் கிழித்தார்.

“நான் நம்புகிறேன்” என்றார். “ஆனால் வீடியோவைப் பார்ப்பவனுக்கு உங்கள் முறை தெரியாது. நாளைக்கு ஒருவன் பெற்றோல் போத்தலோடு வருவான். அவனிடம் நின்று நான் மஸ்ஸினா கதை சொல்ல முடியுமா? இனிப் பொது இடத்தில் இந்தப் பேச்சு வேண்டாம். இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள்.”

அந்த மனுஷனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருவரும் கையெழுத்து வைத்தார்கள். ஜனகன் வீடியோவை நீக்கிவிட்டு, விஷயம் தெரியாமல் போட்டுவிட்டதாக எழுதினான். அதை யாரும் பகிரவில்லை.

முஹைதீன் ஒரு வாரம் கழித்துக் கடை திறந்தார். வீரம்மாவைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “வீரம்மா அம்மா, சுகமா இருக்கிறீங்களா?” என்றார்.

வீரம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்து. முதலில் அதையும் கேலி என்றே எடுத்துக்கொண்டாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. மறுநாளும் அம்மாதான், அதற்கு மறுநாளும் அம்மாதான். ஒழுங்கையில் மற்றவர்களும் அடங்கிப்போனார்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதை. ஆஸ்பத்திரி வார்டில் இருப்பதுபோல இருந்தது எனக்கு.

பொறுக்கமாட்டாமல் நானே முஹைதீனிடம் போய்க் கேட்டேன். “ஏன் நானா அந்தப் பொம்பளையச் சாகடிக்கிறீங்க?”

“எனக்கு விளங்காதா அன்னலட்சுமி?” என்றார் அவர். “வீட்டுக்குப் போனா நெஞ்சு வலிக்கிது. ஆனா வாயத் தொறந்தா, யாரு கையில போன் ஈக்கிது எண்டுதான் கண்ணு மொதல்ல தேடுது. ஒரு தடவ எரிஞ்சி எழும்பிட்டேன். இன்னொரு தடவைக்கு ஏலாது. பேரப்புள்ளைகள் ஈக்கிது.”

இதை அப்படியே போய் வீரம்மாவிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காயை அடுக்கிக்கொண்டே கேட்டாள். அடுக்கி முடித்துவிட்டு எழும்பினாள். நேரே அவர் கடைக்கு முன்னால் போய், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினாள்:

“டேய் சோனி! கையெழுத்து வச்சதோட நாக்கையும் சேத்து வச்சிட்டு வந்துட்டியா?”

சனம் நின்று பார்த்தது. ஒரு பெண் தன் கைப்பைக்குள் கையை விட்டாள். போன் எடுக்கவோ, காசு எடுக்கவோ, யார் கண்டது? முஹைதீன் அந்தக் கையைத்தான் பார்த்தார். நான் மனதுக்குள் கெஞ்சினேன். சொல்லித் தொலையேன் மனுஷா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லு.

அவர் நெத்தலிக் கருவாட்டை அள்ளித் தராசில் வைத்தார். “உங்களுக்கு எவ்வளவு வேணும், அம்மா?” என்றார்.

வீரம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. குரலைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

“அன்னிக்குப் பொலிசுல இருந்து ஒன்னய வெளிய எடுக்கத்தானே அவ்வளவும் சொன்னேன். எடுத்தது ஒன்னய இல்ல போல இருக்கே.”

முஹைதீன் தலையை நிமிர்த்தவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவரிடம், “வாங்க சேர், என்ன வேணும்?” என்று கேட்டார்.